இடது பக்கம் ஒரு விரல் உயரம்

டவர்காரரின் வண்டி ஆள் இல்லாதபோதுதான் சாய்ந்து நின்றது. இடது பக்கம் லேசாக எம்பியிருக்கும். வலது பக்கம் அமுங்கியிருக்கும். வாசலில் நிறுத்திவிட்டுச் சற்று நடந்து திரும்பிப் பார்த்தால், கனத்த ஆள் யாரோ அப்போதுதான் இடது கதவைத் திறந்து இறங்கிப் போனதுபோல் தோன்றும். மச்சான் போன பிறகு அவர் அடிக்கடி திரும்பிப் பார்த்தார்.

அவரை எல்லோரும் டவர்காரர் என்றே அழைத்தார்கள். மலைமேல் நிற்கும் செல்போன் கோபுரங்களைக் கவனித்துக்கொள்வது அவர் வேலை. ஜெனரேட்டருக்கு டீசல், பேட்டரிக்குத் தண்ணீர், உச்சியில் சிவப்பு விளக்கு எரிகிறதா என்று அண்ணாந்து ஒரு பார்வை. கோபுரங்களுக்குப் போகும் பாதையைப் பாதை என்று சொல்வதே ஒரு மரியாதைக்குத்தான். மழை உருட்டிவிட்ட கற்கள், குறுக்கே ஓடைகள். சாதாரண வண்டி என்றால் வயிறு உரசி அங்கேயே உட்கார்ந்துவிடும். அதனால் நீளமான ஸ்பிரிங்கும் பெரிய டயரும் போட்டு வண்டியை உயர்த்தியிருந்தார்கள். உயரம் குறைந்தவர்கள் ஏற வேண்டுமென்றால் கதவைப் பிடித்துத் தொங்க வேண்டும்.

அவர் பேசுவது குறைவு.

"ஊருக்கே சிக்னல் குடுக்கற ஆளு. உன்கிட்ட மட்டும் ஒரு புள்ளிகூட வரமாட்டேங்குதே மாப்ள" என்பார் மச்சான்.

மச்சான் என்றால் மனைவியின் அண்ணன். கல்யாணம் பண்ணிக்கொள்ளாதவர். லாரி எடைமேடையில் வேலை. கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து, லாரிகள் ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்துச் சீட்டு கிழித்துக் கொடுப்பார். பழக்கதோஷம், தெருவில் எதிரே வருகிறவர்களுக்கும் எடை சொல்வார். "அம்மா அறுபது. கைப்பையோட அறுபத்தி மூணு." சொந்த எடையைக் கேட்டால் மட்டும் நழுவிவிடுவார். "எங்க மேடை லாரிக்குக் கட்டினது. பத்துப் பத்து கிலோவாத்தான் காட்டும். நான் எந்தப் பத்துலயும் அடங்கல."

விடுப்பு நாட்களில் டவர்காரரோடு மலைக்கு வருவார். வந்தால் ஒரு ஸ்பேனரைக்கூட எடுத்துக் கொடுக்கமாட்டார். இடது இருக்கையை நிறைத்து உட்கார்ந்துகொண்டு பேசிக்கொண்டே வருவார். வாய் அவருடையது, ஸ்டியரிங் இவருடையது. இரண்டு பேருக்கும் அது சரியாக இருந்தது.

"அண்ணன் ஏறினா வண்டியே ஒருக்களிச்சுப் படுத்துக்குது" என்று தங்கை ஒருமுறை வாசலில் நின்று சொன்னாள். டவர்காரர் சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரர் சிரித்தார். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தது மச்சான்தான்.

பிறகு வண்டியை உயர்த்தும் வேலையை எடுத்துச் செய்ததும் அவர்தான். அந்தச் சமயம் டவர்காரருக்குக் கை முறிந்து மாவுக்கட்டு.

"நீ உள்ள போய்ப் படு மாப்ள. கைய முறிச்சுக்கிட்டவன் யோசனை சொன்னா எனக்குக் கோவம் வரும்."

தெரிந்த பட்டறைக்காரர் ஒருவரைத் துணைக்கு வைத்துக்கொண்டு, வண்டிக்கு அடியில் படுத்து, பாதி உடம்பு வெளியே நீட்டிக்கிடக்க, மச்சான் வேலை செய்வதை ஜன்னல் வழியாகப் பார்க்க முடிந்தது. முடிந்ததும் டவர்காரரைக் கூப்பிட்டார். இடது இருக்கையில் ஏறி உட்கார்ந்து, முன்னால் ஒரு டம்ளர் நிறையத் தண்ணீர் வைத்தார். தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்றது. ஒரு பக்கமும் வழியவில்லை.

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான் மாப்ள. ஒரு நூல் பிசகல" என்றார். அதோடு விடவில்லை. "ஏம்மா, இங்க வா. பாத்துக்க. இப்பப் படுத்துக்குதா?"

தங்கை வந்து பார்த்தாள். "இல்லண்ணே. தேர் மாதிரி நிக்குது."

மச்சான் வெகுநேரம் இருக்கையைவிட்டு இறங்கவே இல்லை.

அவருக்குக் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது யாரும் பெரிதாக நினைக்கவில்லை. கட்டிலில் படுத்தபடி நர்ஸின் எடையைச் சொல்லித் திட்டு வாங்கினார். திரும்பி வரவில்லை.

அதற்குப் பிறகு டவர்காரர் முதல் தடவையாகத் தனியே மலையேறினார். தார்ச்சாலை முடிந்து கல் பாதை தொடங்கும் இடத்தில், முன்சக்கரம் ஒரு பள்ளத்தில் இறங்கியதும், இடது இருக்கைக்கு அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது.

டொக்.

அவர் வண்டியை நிறுத்தினார். இருக்கையைத் தூக்கிப் பார்த்தார். ஜாக்கி கட்டிய கயிறு கட்டியபடி இருந்தது. கீழே குனிந்து பார்த்தார். எதுவும் தொங்கவில்லை. மறுபடி கிளம்பினார். அடுத்த பள்ளத்தில் மறுபடி டொக். வலது பக்கம் எந்தச் சத்தமும் இல்லை.

மச்சான் எந்த வீட்டிலும் காலிங்பெல்லை அழுத்தியதில்லை. கதவில் ஒரு தட்டு. அவ்வளவுதான். "ஒரு தட்டு தட்டுவேன். திறந்தா சாப்பாடு. திறக்கலேன்னா வீட்டுக்குப் போய் தூக்கம். ரெண்டாவது தட்டறதுக்கு நான் என்ன போலீஸா?" விரல் முட்டியால், அவசரமில்லாமல், ஒன்று. மரக்கதவு என்றாலும் இரும்புக்கதவு என்றாலும் அதே தட்டு.

மேலே போய்ச் சேருவதற்குள் டவர்காரர் அந்தச் சத்தத்துக்குப் பதில் சொல்லத் தொடங்கியிருந்தார். "என்ன மச்சான்?" என்பார். சொல்லிவிட்டுக் காத்திருப்பார். பள்ளம் வந்தால் தட்டு வரும். பிறகு அது பழக்கமாகிவிட்டது. வாழ்நாளில் யாரோடும் பேசாத அளவுக்கு அந்தப் பாதையில் பேசினார். ஜெனரேட்டர் புகைவதைச் சொன்னார். பேட்டரி திருட்டுப் போனதைச் சொன்னார். சில சமயம், பாதை சரியாக இருக்கும் இடங்களிலும், வேண்டுமென்றே சக்கரத்தைப் பள்ளத்தில் இறக்கினார்.

வீட்டு வாசலுக்கு முன்னால் சாக்கடையை மூடிய சிமெண்ட் மூடி ஒன்று உண்டு. அதில் ஏறி இறங்கும்போதும் அந்தத் தட்டு தவறாமல் கேட்கும். முதல் தடவை கேட்டபோது மனைவி ஈரக் கையோடு ஓடிவந்து கதவைத் திறந்தாள். வண்டியில் அவர் மட்டும் இருந்தார்.

"அண்ணன் தட்டற மாதிரியே இருந்துச்சு" என்றாள்.

அதற்குமேல் இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் அன்று முதல் அவர் காலிங்பெல்லை அழுத்த வேண்டியிருக்கவில்லை. மூடியில் வண்டி ஏறி இறங்கியதும் கதவு திறக்கும். திறந்தவள் முதலில் இடது கதவைப் பார்ப்பாள். பிறகுதான் அவரை.

மற்றபடி வீடு எப்போதும்போல இருந்தது. அவள் தட்டைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் காய் நறுக்கினாள். கத்தி தட்டில் கீறும் சத்தத்தில் டவர்காரருக்குப் பல் கூசும். காய் நறுக்க ஒரு வெள்ளைப் பலகை இருந்தது. கெட்டியான பிளாஸ்டிக், ஒரு விரல் தடிமன். அது காணாமல்போய் வெகுகாலம் ஆகிறது. எடுத்தது அவர்தான் என்பது அவளுடைய தீர்ப்பு.

"டவர்ல பேட்டரிக்கு அடில முட்டுக் குடுத்து வெச்சிருப்பீங்க. ஒரு நாள் நானே ஏறி வந்து பாக்கத்தான் போறேன்."

"நான் எடுக்கல."

"அப்ப கால் முளைச்சுப் போயிடுச்சா?"

புதிதாக ஒன்று வாங்கவும் விடமாட்டாள். எடுத்தவர் கொண்டுவந்து வைக்க வேண்டும். மச்சான் உயிரோடு இருந்தவரை, இந்தச் சண்டை நடக்கும்போதெல்லாம் சாப்பாட்டுத் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் தங்கை பக்கம் பேசுவார். "குடுத்துடு மாப்ள. ஒரு பலகைக்காக எதுக்கு வீட்டுல வம்பு?"

மழைக்காலம் நெருங்கும்போது வண்டி எண்ணெய் கக்க ஆரம்பித்தது. இடது முன்சக்கரத்துக்கு உள்ளே, ஷாக் அப்சார்பரின் உடம்பு முழுக்கக் கருப்பாக வழிந்திருந்தது. உயர்த்திய வண்டிகளுக்கு மட்டும் வேலை செய்யும் ஒரு கடை நகரத்தின் விளிம்பில் இருந்தது. அவர் அங்கே போனார். ஃபிட்டர் குழிக்குள் இறங்கி டார்ச் அடித்துப் பார்த்தார்.

"ஷாக் செத்துப்போச்சு சார். நாலுமே. இடது பக்கம் மேல் போல்ட் பிடிச்சிருக்கற இடம் வெடிச்சிருக்கு, பாருங்க. டொக்கு டொக்குன்னு சத்தம் வருமே?"

"வரும்."

"ஷாக்கு முழுசா இழுபட்டு, இதுக்குமேல இழுக்க முடியாதுன்னு முட்டற சத்தம் அது. ஒவ்வொரு பள்ளத்துலயும் சுத்தியால அடிக்கற மாதிரி. இறக்கத்துல கழண்டுச்சுன்னா சக்கரம் நம்ம பேச்சக் கேக்காது."

"புதுசு போட்டா?"

"சத்தம் போயிடும்."

டவர்காரர் குழியின் விளிம்பில் குனிந்தார். "போயிடுமா?"

ஃபிட்டர் குழிக்குள்ளிருந்து அண்ணாந்து பார்த்தார். "அதுக்குத்தான சார் மாத்தறோம்?"

இன்னொரு தடவை மலைக்குப் போய்வந்து மாற்றிக்கொள்ளலாமா என்று கேட்டார். ஃபிட்டர், இந்த ஷாக்கோடு மலை இறங்கப்போவதை வீட்டில் சொல்லிவிட்டு வந்தீர்களா என்று கேட்டார். ஷாக் மாற்றப்போவதைக்கூட அவர் வீட்டில் சொல்லிவிட்டு வரவில்லை. புது ஷாக் போட்டால் வாசலில் தட்டு கேட்காது என்பதை அவளிடம் எந்த வார்த்தையில் சொல்வது என்று அவருக்குத் தெரியவில்லை.

கல்லாவுக்குப் பின்னால் இருந்த பெண்ணை எல்லோரும் அங்குலம் அக்கா என்றார்கள். எதைக் கேட்டாலும் அளவில்தான் பதில் சொல்வாராம். சுவரில் ஷாக்குகள் வரிசையாகத் தொங்கின. நீலம், மஞ்சள், கருப்பு. டவர்காரர் பார்த்துக்கொண்டு நின்றார்.

"கலர் பாக்காதீங்க சார். அது மாப்பிள்ளைப் பசங்களுக்கு. எவ்வளவு தூக்கியிருக்கு?"

"ரெண்டு அங்குலம்."

"அளந்தீங்களா, யாராவது சொன்னாங்களா?"

"மச்சான் சொன்னாரு."

"மச்சான் வாய நம்பி நான் சரக்கு குடுக்கறதில்ல." டேப்பை எடுத்துக்கொண்டு வெளியே வந்தார்.

வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி அளந்தார்கள். பிறகு ஜாக்கி போட்டுச் சக்கரம் தொங்கும்போது ஒரு அளவு. சரிவுப் பலகையில் ஒரு சக்கரத்தை ஏற்றி, அது உள்ளே முழுக்க அமுங்கும்போது ஒரு அளவு. தொங்கும்போது இழுபடாத நீளம் வேண்டும், அமுங்கும்போது முட்டாத நீளமும் வேண்டும். இரண்டுக்கும் நடுவே பொருந்துவதுதான் இந்த வண்டிக்கு ஷாக் என்றார் அக்கா. வலது பக்கம் அளந்தவர் தலையாட்டிக்கொண்டார். இடது பக்கம் அளந்ததும் டேப்பை மறுபடி பிடித்துப் பார்த்தார்.

"என்ன சார் இது? ஒரு விரல் அளவு வித்தியாசம் வருது. இடது பக்கம் கூட உயரம்."

"ரெண்டு பக்கமும் ஒண்ணுதான்."

"டேப்பு பொய் சொல்லாது. உள்ள ஏதோ கட்டை குடுத்து ஏத்தியிருக்காங்க. அந்தப் பக்கம் வழக்கமா யாரு உக்காருவாங்க?"

"மச்சான்."

"ஆளு வெயிட்டா?"

"ஆமா."

"அப்ப அதான். அவரு உக்காந்தா வண்டி நேரா நிக்கற மாதிரி செஞ்சிருக்காங்க. அவரு இல்லாம ஓட்டினா அந்தப் பக்கம் எம்பிக்கிட்டு, ஷாக்கு இழுபட்டு முட்டத்தான் செய்யும். அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே சார், உக்கார வெச்சு அளந்திருப்பேன்."

"வர முடியாது."

"வேலையா?"

"ம்."

அக்கா இரண்டு வழி சொன்னார். ஒன்று, உள்ளே இருக்கும் கட்டையை எடுத்துவிட்டு நாலும் ஒரே அளவு ஷாக். வண்டி நேராக நிற்கும். இல்லை, கட்டை அப்படியே இருக்கட்டும் என்றால் இடது பக்கத்துக்கு மட்டும் நீளமான ஷாக். அது சத்தம் போடாது. ஆனால் ஆள் இல்லாதபோது இப்படியேதான் எம்பி நிற்கும்.

"செருப்பு மாதிரி சார். ரெண்டு காலுக்கு ரெண்டு அளவு விக்கறது எனக்கே ஒரு மாதிரி இருக்கு. ஆனா மச்சான் திரும்ப உக்காருவார்னா ரெண்டாவதுதான் சரி."

டவர்காரர் வண்டியைப் பார்த்தார். இடது பக்கம் எம்பியபடி நின்றது. தட்டுத்தான் போகப்போகிறது. இதுவாவது இருக்கட்டும் என்று நினைத்தார்.

"நீளமானதே குடுங்க" என்றார்.

வெடித்த இடத்தைப் பற்றவைக்க ஸ்பிரிங்கைக் கழற்ற வேண்டியிருந்தது. ஃபிட்டர் கம்பியைக் கொடுத்து நெம்பினார். ஸ்பிரிங் வெளியே வந்ததும், அதற்கு மேலே செருகியிருந்த ஒரு வட்டம் சிமெண்ட் தரையில் விழுந்து உருண்டு, டவர்காரரின் காலடியில் சுழன்று படுத்தது. நடுவில் ஓட்டை. சின்னத் தட்டு அளவு. ஃபிட்டர் இடது பின்சக்கரத்திலும் கழற்றி, அதே போல இன்னொன்றை எடுத்தார்.

"யாரோ நல்லா செஞ்சிருக்காங்க சார். கடைல வாங்கினது இல்ல, கையால அறுத்தது."

டவர்காரர் கிரீஸைக் கட்டைவிரலால் துடைத்தார். உள்ளே வெள்ளை. வெள்ளையின்மேல் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள். கத்திக் கோடுகள். ஒரு ஓரத்தில் மஞ்சள் கறை இன்னும் போகவில்லை.

அவர் ஒரு பழைய டயர்மேல் உட்கார்ந்தார். குடுத்துடு மாப்ள என்ற குரல் நினைவுக்கு வந்தது. தட்டிலிருந்து தலையைத் தூக்காமல் சொன்ன குரல். டம்ளரில் அசையாமல் நின்ற தண்ணீர். இறங்காமல் உட்கார்ந்திருந்த ஆள். தங்கை வாசலில் சொன்னதற்குச் சத்தமாகச் சிரித்துவிட்டு, அவள் சமையலறையிலேயே கை வைத்து, தன் எடையைத் தானே நிறுத்து, ஒரு விரல் உயரத்தை யாருக்கும் தெரியாமல் வண்டிக்கு அடியில் ஒளித்து வைத்திருக்கிறார்.

"திரும்பப் போட்டுடவா சார்?" ஃபிட்டர் கை நீட்டினார்.

டவர்காரர் வட்டத்தைக் கொடுக்கவில்லை. இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டார்.

"வேண்டாம். நாலும் ஒரே அளவு போடுங்க."

"கட்டை?"

"வீட்டுல தேடறாங்க."

திரும்பி வரும்போது இடது இருக்கையில் அந்த இரண்டு வட்டங்கள் மட்டும் இருந்தன. வழியில் சாலை வெட்டிப் போட்ட இடம் ஒன்று வந்தது. சக்கரம் இறங்கி ஏறியது. வண்டி ஒருமுறை அமுங்கி, ஒருமுறை நிமிர்ந்து, சத்தமில்லாமல் ஓடியது. "என்ன மச்சான்" என்பது தொண்டை வரை வந்தது. தட்டு வராமல் எப்படிப் பதில் சொல்வது? அவர் அடுத்த கியருக்கு மாறினார்.

சிமெண்ட் மூடியில் வண்டி ஏறி இறங்கியது. எதுவும் கேட்கவில்லை. கதவு திறக்கவில்லை. உள்ளே தட்டில் கத்தி கீறும் சத்தம் தொடர்ந்து வந்துகொண்டிருந்தது. டவர்காரர் வாசலில் நின்றார். பிறகு காலிங்பெல்லை அழுத்தினார்.

மனைவி கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். அவருக்குப் பின்னால் வண்டியைப் பார்த்தாள். அது இரண்டு பக்கமும் சமமாக நின்றது.

"வந்தது தெரியலயே" என்றாள்.

"ஷாக் மாத்தினேன்."

அவள் முகம் என்னவோ ஆயிற்று. "ஏங்க, என்கிட்ட ஒரு வார்த்தை…" என்று தொடங்கி, அவர் கையில் இருந்ததைப் பார்த்து நிறுத்தினாள். வாங்கிப் புரட்டினாள். கத்திக் கோடுகளின்மேல் நகத்தை ஓட்டினாள். கோடுகள் அவளுடையவை, அவளுக்குத் தெரியாதா.

"எங்க இருந்துச்சு?"

"வண்டிக்கு அடில. உன் அண்ணன் பக்கத்து ஸ்பிரிங்குக்கு மேல."

"ரெண்டு பக்கமுமா?"

"இல்ல. அவரு உக்கார்ற பக்கம் மட்டும்."

அவள் கொஞ்ச நேரம் கணக்குப் போடுவதுபோல நின்றாள். கணக்கு முடிந்ததும் கதவு நிலையில் சாய்ந்துகொண்டாள்.

"நான் சொன்னதுக்கா?" என்றாள். பிறகு, "திருட்டு அண்ணன்" என்றாள். "உங்கள எவ்வளவு திட்டினேன். பக்கத்துலயே உக்காந்து சாப்பிட்டுட்டு, ஒத்து வேற ஊதினான்."

சிரிப்பா என்று பார்த்தார். பாதி சிரிப்புத்தான். அவள் இரண்டு வட்டங்களையும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு உள்ளே போனாள். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சோப்பு போட்டு வெகுநேரம் தேய்த்தாள்.

டவர்காரர் வண்டியிடம் திரும்பிப் போனார். வண்டிக்குள் இருந்த பழைய டம்ளரில் தண்ணீர் ஊற்றி, முன்னால் வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, வெளியிலிருந்தே கண்ணாடி வழியாகப் பார்த்தார். யாருமில்லாத வண்டியில் தண்ணீர் சமமாக நின்றது. அதைப் பார்க்க அவருக்கு என்னவோபோல் இருந்தது. இடது கதவின் கைப்பிடியில் கை வைத்தபடி நின்றார்.

அப்போது வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

டொக்.

ஒரே ஒரு தட்டு. அவசரமில்லாமல்.

"என்ன மச்சான்?" என்றார், தன்னையறியாமல், சத்தமாகவே.

உள்ளே எல்லாம் நின்றுபோயிற்று. அவள் கத்தியை அப்படியே பிடித்திருக்க வேண்டும். அவர் திரும்பவில்லை. டம்ளரில் தண்ணீர் அசையவில்லை. தெருவில் எங்கோ ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்கள்.

பிறகு சமையலறையில் இன்னொரு தட்டு கேட்டது. அதைத் தொடர்ந்து இன்னொன்று. ஓட்டையைச் சுற்றிச் சுற்றி நறுக்குகிறாள் போலிருக்கிறது. தட்டுகள் நிற்காமல் வந்தன.

மச்சான் இரண்டாவது தடவை தட்டமாட்டார்.

டவர்காரர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்தார்.